பாவம் என்று எழுதினோம்

1

பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். நியூசிலாந்துக்கு வந்த இந்தப் பதினாறு வருஷமாக ஒரு முதியோர் இல்லத்தின் அடுக்களையில் காய் வெட்டுகிறேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கேரட் எதிர்த்துப் பேசாது, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நிற்காது. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் மனு எழுதுகிற வேலை மட்டும் தேடி வந்து என் தலையில் விழுகிறது. ஊரில் ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் எழுதினேன். இந்த வருஷம் தென்தீவின் ஓரத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் நகரசபைக்கு ஒன்று எழுதினேன்.

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் இருபது குடும்பம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்க்காரர்கள் ஆராதனை முடித்துப் போனபிறகு, மத்தியானம் அவர்களுடைய கோயிலை இரவல் வாங்கி நாங்கள் பாடுவோம். பாதிப் பேர் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம். ஸ்தோத்திரம் சொல்லுகிற தோரணையிலேயே யார் ஆற்றுக்கு எந்தக் கரை என்று சொல்லிவிடலாம்.

கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மளிகைக் கடை. திருநெல்வேலி டவுன்காரர், சைவக் குடும்பம். கடையில் முட்டையைக்கூட ஒதுக்கமாகத் தனி அலமாரியில்தான் வைத்திருப்பார். நாங்கள் வந்த புதிதில் இட்லி அரிசி கிடைக்காமல் தவித்தபோது ஆக்லாந்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தவர் அவர். போன வருஷம் பக்கத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் வந்து, மஞ்சள்பொடி முதல் அப்பளம்வரை அடுக்கிவிட்டது. அண்ணாச்சி கடையில் ஈ ஆடவில்லை. கடைசியில் பீரும் ஒயினும் விற்க உரிமம் கேட்டு நகரசபைக்கு எழுதிப் போட்டார். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்ற நோட்டீஸ் கடைக் கதவிலேயே ஒட்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு சபையில் வேறு பேச்சே இல்லை. கமிட்டித் தலைவர் தேவசகாயம் எழுந்து நின்றார். தூத்துக்குடி ஜில்லா நாசரேத் பக்கத்துக்காரர், நேர்மையான மனுஷர், குரல்தான் எப்போதும் ஒலிபெருக்கி வைத்தது போல இருக்கும்.

"ஜெபம் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டாப் போதுமா? நல்லது எதுன்னு நமக்குத் தெரியும். அதைச் சட்டமாக் கேட்டு வாங்கணும்லா? சும்மா இருந்தா நாமளும் உடந்தைதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மனு எழுதுவது ரூபி டீச்சர் என்று முடிவானது. அது நான்தான். கையெழுத்துக்கு ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டோம். முதல் கையெழுத்தை ஜான்சன் போட்டான்.

2

ஜான்சனைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனுவைப் பற்றிச் சொல்ல முடியாது. சாத்தான்குளத்துக்காரன், நாற்பது வயது. இங்கே ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அருமையாகப் பாடுவான். குடியால் வேலை ஒருமுறை போய்த் திரும்பக் கிடைத்தது. போன வருஷம் ஒரு நாள் குடித்துவிட்டு மனைவி மேல் கை ஓங்கிவிட்டான். அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேறு ஊரிலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்போது அவன் ஏழு வாரம் தாண்டியிருந்தான்.

தொழிற்சாலை வேன் தினமும் நாலு மணிக்கு அவனைப் பெட்ரோல் பங்க் மூலையில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்குக் கால் மணி நேர நடை. அந்த வழியில்தான் அண்ணாச்சி கடை இருக்கிறது.

இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சபையில் ஒருவர் வாயிலும் அவன் பெயர் வரவில்லை. "இளந்தலைமுறை" என்றோம், "சமுதாயம்" என்றோம். மனுவில் எங்கேயும் அவன் பெயர் இல்லை, மனு முழுக்க அவன்தான் இருந்தான்.

3

நகரசபைப் படிவம் வந்தது. எங்கள் ஊர்ப் படிவங்களைப் பார்த்துப் பழகியவளுக்கு இது பரவாயில்லை, தகப்பன் பெயர் கேட்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கும் கடைக்கும் எத்தனை மீட்டர் என்று கேட்டிருந்தது. நீங்கள் தனி ஆளாக ஆட்சேபிக்கிறீர்களா, அமைப்பாகவா என்று கேட்டிருந்தது. அமைப்பு என்றால் பதிவெண் என்ன என்றது. கோயிலே இரவல், பதிவெண்ணுக்கு எங்கே போவது? மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை பேசிய பெண் பொறுமையாகச் சொன்னாள்: சத்தம், நேரம், பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பது, இந்த மாதிரிக் காரணங்கள்தான் செல்லும். குடிப்பது தவறு என்று நீங்கள் நம்புவது ஒரு காரணம் ஆகாது.

தேவசகாயம் அண்ணனிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "செல்லுதோ செல்லலையோ, நம்ம சாட்சியை எழுதணும்" என்றார். கமிட்டியார் வாசித்துச் சம்மதிக்க வேண்டுமென்பதால் முதலில் தமிழில் எழுதினேன். சட்டத்துக்கான காரணங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அவர் கேட்ட வரியைச் சேர்த்தேன்: "குடிப்பவனுக்கும் பாவம், விற்பவனுக்கும் பாவம் என்பது எங்கள் சபையின் விசுவாசம்."

இங்கிலீஷில் மாற்றிக்கொடுத்தது என் மகள் ஜெனி. மூன்று வயதில் இங்கே வந்தவள், இப்போது யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம். சபைக்கு வருவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. சண்டை ஒன்றும் போடவில்லை, ஒரு ஞாயிறு படிக்கணும் என்றாள், அப்புறம் எல்லா ஞாயிறும் படிப்பு வந்துவிட்டது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். மனுவை வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"லாஸ்ட் லைன் நல்லாருக்கும்மா. நீங்க இப்படி எழுதுவீங்கன்னு நினைக்கல."

மகள் நம் விசுவாசத்தைப் பாராட்டிவிட்டாள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் தட்டச்சு செய்து கொடுத்ததை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

4

உளுந்து வாங்க அண்ணாச்சி கடைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. உளுந்தை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், எனக்கெதிரா எழுதிருக்கிய போல?"

"உங்களுக்கு எதிரா இல்ல அண்ணாச்சி. சாராயத்துக்கு எதிரா."

"சாராயமா கடை வச்சிருக்கு? நான்லா வச்சிருக்கேன்." தராசைப் பார்த்தபடியே சொன்னார். "ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. எங்க வீட்டுல கறி தின்னுதது பாவம். இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு கறி தொங்குது. என்னைக்காவது கறிக்கடைய மூடச் சொல்லி மனு குடுத்தேனா? நம்மூர்ல எவனாவது கறிக்குச் சட்டம் போடணும்னு கெளம்பினா மொத ஆளாச் சத்தம் போடுதது நீங்கதான? இங்க வந்ததும் உங்க வீட்டு ஒழுங்கு மட்டும் ஊருக்கே சட்டமாயிரணுமோ?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"கறி தின்னுட்டு எவனும் பொண்டாட்டி மேல கை ஓங்கல அண்ணாச்சி."

அவர் கை நின்றது. "அதுவும் சரிதான்" என்றார். உளுந்துக்குக் காசை வாங்கிக்கொண்டார். வழக்கமாகக் கொசுறாகத் தரும் கறிவேப்பிலையை அன்றைக்கும் போட்டுத்தான் தந்தார். அதுதான் எனக்கு வீடுவரை கனமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். ஊரில் நாங்கள் கொஞ்சப் பேர். அடுத்தவர் தம் அடுக்களை வழக்கத்தைச் சட்டமாக்கக் கேட்டால், மனசாட்சி, சுதந்திரம் என்று நாங்கள் மூச்சுவிடாமல் பேசுவோம். இந்த நாட்டில் வந்து இறங்கியதும், வாழ்க்கையில் முதல்முறையாக, நாங்களும் பெரும்பான்மைக்காரர்களாகிவிட்டோம். கோயில் இரவல்தான், ஆனால் தெருவுக்கு ஒரு கோயில் இருக்கிறது. பெரும்பான்மை என்கிற ருசி நாக்கில் பட்டால் பேச்சு மாறிவிடுகிறது என்று நான் என்னை வைத்தே தெரிந்துகொண்டேன்.

5

இதற்கு முன்பும் நான் ஒரு சாராயக்கடைக்கு எதிராக மனு எழுதியிருக்கிறேன். அதில் ஜெயித்தும் இருக்கிறேன்.

என் ஊர் ஜெபஞானபுரம். மிஷன் காலத்தில் உண்டான ஊர். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, ஜெபஞானபுரம் விலக்கில் இறங்கி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தை எங்கள் பக்கத்தில் விலக்கு என்போம். ஊருக்குள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அரசாங்க மதுக்கடை வந்தது. சபைப் பெண்கள் எல்லாரும் திரண்டோம். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று மைக்கில் நான்தான் முழங்கினேன். மனு கொடுக்கிற திங்கட்கிழமையில் வேன் பிடித்து கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் வரிசையில் நின்றோம். நாலாவது மாதம் கடையை ஊரைவிட்டு எடுத்தார்கள். கோயிலில் மணி அடித்து, சர்க்கரைப் பொங்கல் வைத்தோம்.

கடை விலக்குக்குப் போயிருந்தது, பஸ் நிறுத்தத்தின் பக்கத்திலேயே. மதுவிலக்கு கேட்டீங்க, விலக்கில் மது கிடைச்சிருக்கு என்று பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைக் கேலி பண்ணினார்கள்.

என் தம்பி செல்வின் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தான். ஊருக்குள் கடை இருந்தவரை, சொந்தக்காரர் கண்ணுக்குப் பயந்து வாரம் ஒருமுறைதான் போவான். கடை விலக்குக்குப் போனபிறகு, சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினால் நேரே கடை வாசல். அங்கே அவனைப் பார்க்க ஊர்க் கண் ஒன்றும் கிடையாது. ஒரு நாள் பாலத்திலிருந்து வாய்க்காலில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) கமிட்டியைக் கூட்டி, ஆறு மாதம் அவனை, கோயிலில் அப்பமும் திராட்சரசமும் தருகிற இராப்போஜனத்திலிருந்து விலக்கி வைத்தார். அதுவும் ஒரு விலக்கு. அவன் கோயிலுக்கு வருவதையே நிறுத்தினான்.

அப்போதுதான் எங்கள் பெண்கள் சங்கத்தில் ஞானசுந்தரி என்று ஒருத்தி, என் வயசுக்காரி, வாயாடி, பீடி சுற்றுகிறவள், எழுந்து கேட்டாள்: "மனு குடுக்க கொக்கிரகுளம் வரைக்கும் போனோம்லா? இந்தா இருக்க விலக்குக்குப் போக நமக்கு என்ன கேடு?"

மறுநாள் சாயங்காலம் அவளும் நானும் விலக்கில் போய் நின்றோம். பஸ் வந்தது, செல்வின் இறங்கினான், எங்களைப் பார்த்து முகம் கறுத்தான். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே வீடுவரை கூட நடந்தோம். பிறகு பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள், தினம் இரண்டு பேர். நடுவில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். மறுநாள் மறுபடியும் இரண்டு பேர் நின்றார்கள். அவன் நிறுத்தி இப்போது பதினாறு வருஷத்துக்கு மேலாகிறது. நான் விமானம் ஏறியபோது என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விலக்குவரை நடந்து வந்தவன் அவன்தான். இன்றைக்கும் யாராவது ஒருத்தனுக்காக அங்கே போய் நிற்கிறான்.

அதற்காகச் சட்டம் வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்து வாசலில் சாராயம் விற்காமல் இருப்பதற்குச் சட்டம்தான் வேண்டும், ஞானசுந்தரி போதாது. ஒருவனை அடுத்தவன் கையிலிருந்து காப்பாற்றச் சட்டம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஒருவனை என்னைப்போல ஆக்குவதற்குச் சட்டம் கேட்டால், அந்த வேலையை நான் செய்யாமல் நழுவுகிறேன் என்றுதான் அர்த்தம். இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் இங்கே மறுபடி மனுதான் எழுதினேன்.

6

விசாரணை நகரசபை மாடியில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவியாக, மூக்கின் நுனியில் கண்ணாடி வைத்த ஒரு அம்மா. ஒரு பக்கம் அண்ணாச்சி, இஸ்திரி போட்ட சட்டையில். இன்னொரு பக்கம் நானும் தேவசகாயம் அண்ணனும். பின்னால் சபையார். ஜெனி துணைக்கு வந்திருந்தாள். ஜான்சன் அரைநாள் லீவு போட்டுக் கடைசி வரிசையில் இருந்தான்.

தலைவி என் மனுவைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். "இதை ஒருமுறை சத்தமாக வாசிக்கிறேன்" என்று இங்கிலீஷில் வாசித்தாள். அது தமிழில் இப்படி வரும்: "குடிப்பவர்களுக்காகவும், அதை விற்பவர்களுக்காகவும் மனம் இரங்குவது எங்கள் சபையின் விசுவாசம்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "ஆட்சேப மனுவில் இப்படி ஒரு வரியை நான் கண்டதில்லை. இதை எந்தக் காரணத்தின் கீழ் சேர்க்க?"

நான் எழுதியது அது இல்லை. திரும்பி ஜெனியைப் பார்த்தேன். அவள் பெருமையாகத் தலையாட்டினாள். அப்போதுதான் புரிந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி வழுக்கி விழுந்தால் பாவம் என்பேன், பூனை மழையில் நனைந்தால் பாவம் என்பேன். இத்தனை வருஷம் என் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அவள் கேட்ட அர்த்தம் அது ஒன்றுதான். சபையில் கேட்ட பாவம் அவளுக்குப் பாட்டில் வருகிற சொல்லோடு நின்றிருக்க வேண்டும். தமிழ் டீச்சர் மகள் தப்பாக ஒன்றும் எழுதிவிடவில்லை.

தேவசகாயம் அண்ணன் என் காதில், "தப்பா வந்திருக்கு, திருத்திச் சொல்லுங்க டீச்சர்" என்றார். எதிரே அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. கடைசி வரிசையில் ஜான்சன் குனிந்திருந்தான்.

நான் திருத்தவில்லை. என் அடுக்களை இங்கிலீஷில் சொன்னேன்: "அந்த வரி சரிதான். அதை எந்தக் காரணத்திலும் சேர்க்க வேண்டாம். அது எங்களுக்காக எழுதியது." பிறகு சட்டம் கேட்கிறதை மட்டும் கேட்டேன். ஏழு மணிக்கு மேல் சாராயம் விற்கக்கூடாது, ஒற்றை டின் விற்கக்கூடாது, கண்ணாடிச் சன்னலில் விளம்பரம் கூடாது. அண்ணாச்சி எழுந்து மூன்றுக்கும் சம்மதம் என்றார். அந்த நிபந்தனைகளோடு உரிமம் கொடுத்தார்கள்.

படியிறங்கும்போது தேவசகாயம் அண்ணன், "நம்ம சாட்சியைக் கெடுத்துட்டிய டீச்சர்" என்றார். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்திருந்தது.

7

வாசலில் ஜான்சன் நின்றிருந்தான்.

"ஏலே, உன்னை நெனச்சுத்தான் எழுதினோம். இப்ப கடை வந்துட்டே" என்றேன்.

"தெரியும்க்கா. இந்தக் கடைய மூடுனா சூப்பர் மார்க்கெட்டுல வாங்குவேன். அது ஒங்களுக்கும் தெரியும்." ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கிட்ட நேரா பேசுததுக்கு ஒங்க எல்லாருக்கும் சங்கட்டமா இருந்துச்சு. நகரசபைகிட்டப் பேசுதது சுளுவு. சரி, ஒங்களுக்கும் ஒரு வழி வேணும்லான்னுதான் மொதக் கையெழுத்தப் போட்டேன்."

அடுத்தவர் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பிறகு கேட்டேன்.

"வேன் நாலு மணிக்குத்தான வருது? நாங்க யாராவது வந்து வீடுவரைக்கும் கூட நடந்தா ஒனக்குச் சம்மதமா? இல்லன்னா இல்லன்னு சொல்லு."

நிமிர்ந்து பார்த்தான். "சம்மதம்தான். ஆனா வழியெல்லாம் ஜெபம் பண்ணிட்டு வரக்கூடாது."

அன்றைக்கே போனில் முறை போட்டேன். திங்கள் நான். செவ்வாய்க்கு ஒரு குடும்பம் வந்தது. வியாழக்கிழமையைத் தேவசகாயம் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார், அந்தக் குரலோடு எப்படி மெதுவாகப் பேசுவார் என்றுதான் எனக்குக் கவலை. வெள்ளிக்கிழமை ஜெனி. சபைக்கு வரமாட்டேன், இதுக்கு வர்றேன் என்றாள். நான் வாதாடவில்லை. புதன்கிழமைக்கு மட்டும் ஆளில்லை, எல்லாருக்கும் ஷிப்ட்.

ஊர் முழுக்கச் சேதி போயிருக்கும் போல. செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி போன் செய்தார்.

"டீச்சர், புதங்கிழமைய எங்கிட்டக் குடுங்க."

"விக்கிறதும் நீங்க, கூட நடக்கிறதும் நீங்களா அண்ணாச்சி?"

"விக்கிறது எம் பொழப்பு. அவன் எங் கடை வாசலைத் தாண்டித்தான போகணும்? நான் கல்லாவுல இருந்தாத்தான் வில்லங்கம். நாலு மணிக்குக் கடையப் பூட்டிட்டு அவன்கூடவே நடந்துட்டா, அந்த நேரத்துக்கு அங்கன கடையே இல்ல, பாத்துக்கிடுங்க."

சபை முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கேட்டது அதைத்தான். நான் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது. புதன்கிழமைக்கு நேராக அவர் பெயரை எழுதினேன்.

புதன்கிழமை மத்தியானம் முழுக்க வெங்காயம் வெட்டினேன், மனசு அங்கேயே இருந்தது. ஜான்சன் கோபப்படுவானா, அண்ணாச்சிக்கு வாடிக்கைக்காரர் யாராவது வந்து காலத்தைக் கடத்திவிடுவார்களா என்று என்னென்னவோ யோசனை. நாலரை மணிக்குப் போனில் ஜான்சனிடமிருந்து ஒரு வரி வந்தது.

"வீட்டுக்கு வந்தாச்சு அக்கா. அண்ணாச்சி வழி பூரா உளுந்து வெலையவே பேசுதாரு, காது வலிக்கி. நாளைக்கு யாரு?"